மாடல் எஞ்சினை ஊர்ந்து ஓட வைப்பது எப்படி

எந்த மாடல் ரயில் எஞ்சினும் வேகமாக ஓடிவிடும். ஸ்லீப்பர்களை ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்கு ஊர்ந்து போய், நிற்கும் பெட்டியைத் தள்ளிவிடாமல் தொட்டு இணைகிறதா என்பதில்தான் இருக்கிறது விஷயம். அங்கே திணறும் எஞ்சின்களில் பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும். மின்சாரம்தான் வழியில் விட்டு விட்டு வருகிறது. அதனால் டிகோடரில், அதாவது கட்டளைகளை வாங்கி மோட்டாரை ஓட்டும் எஞ்சினுக்குள் உள்ள சிறு மின்னணுப் பலகையில், கை வைப்பதற்கு முன் தண்டவாளத்தைப் பாருங்கள். கீழே உள்ளவை 16.5 மி.மீ. தடத்தில் டிசிசி முறையில் (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு எஞ்சினையும் தனியாக இயக்கும் முறை) ஓடும் ஹெச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) எஞ்சின்களுக்கானவை.

தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் இணைப்புத் தகடுகளை மின்சாரத்துக்கு நம்பாதீர்கள். அவை நாளடைவில் தளரும், களிம்பேறும். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டை லேஅவுட் (தடம் அமைத்த அமைப்பு) முழுவதும் ஓட்டி, மீட்டருக்கு ஒரு இடத்தில் 0.5 சதுர மி.மீ. துணை வயரால் தண்டவாளத்தோடு இணையுங்கள். துணை வயர் 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர் வையுங்கள், உட்பக்கம் சக்கர விளிம்பு ஓட வேண்டிய இடம். நல்ல சூட்டில் இரண்டு மூன்று விநாடியில் வேலையை முடித்துவிட்டால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகாது.

பிறகு எஞ்சின்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் இரு தண்டவாளங்களுக்குக் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். தடத்துக்கு மின்சாரமும் கட்டளையும் அனுப்பும் பெட்டியான கமாண்ட் ஸ்டேஷன் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்தவில்லை என்றால் அங்கே வயரிங் பலவீனம். எஞ்சின் தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது அந்த இடத்தில் மின்சாரம் நிற்காமல் பாய்ந்து, சக்கரத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம்.

அடுத்தது அழுக்கு. தண்டவாளத்தை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது, அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். சக்கரத்துக்கு ஒரு டிஷ்யூவை அதே ஆல்கஹாலில் ஈரமாக்கித் தண்டவாளத்தின் மேல் விரியுங்கள். எஞ்சினின் ஒரு போகியை (அடியில் உள்ள சக்கரத் தொகுதி) அதன் மேலும் மறு போகியை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். டிஷ்யூவில் இரண்டு கரும்பட்டைகள் விழும். பட்டை விழாத வரை டிஷ்யூவை நகர்த்தி நகர்த்தி ஓட்டி, பிறகு எஞ்சினைத் திருப்பி மறு போகிக்கும் செய்யுங்கள். எண்ணெய் போடும்போது ஊசி முனையளவு போதும், மிஞ்சினால் சக்கரத்துக்கு இறங்கி மறுபடி அழுக்கைப் பிடிக்கும்.

இனி டிகோடர். புதிய டிகோடர்கள் முகவரி 3-இல் வரும், அதனால் இரண்டு புது எஞ்சின்களைத் தடத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். டிகோடரில் எண்களை எழுதுவதற்கென்றே உள்ள தனித் தடமான புரோகிராமிங் டிராக்கில் ஒன்றை மட்டும் வைத்து சிவி1-இல் தனி எண் கொடுங்கள் (சிவி என்பது டிகோடரில் எண் சேமிக்கும் அமைப்பு இடம்). டிசிசியில் மட்டுமே ஓட்டுவதாக இருந்தால் சிவி29-ஐ 2 ஆக்குங்கள், நான்கு இலக்க முகவரி என்றால் 34. இது சாதா டிசி ஓட்டத்தை (டிஜிட்டல் கட்டளை இல்லாமல் நேர் மின்சாரத்தில் ஓடுவதை) அணைக்கும். அணைக்காவிட்டால் மின்சாரம் வந்த கணத்தில் சில எஞ்சின்கள் தாமாகவே பாய்ந்து ஓடும்.

வேகத்தைச் சரிசெய்யும்போது முதலில் சிவி3, சிவி4 இரண்டையும் 0 ஆக்குங்கள். இவை வேகம் கூடவும் குறையவும் எடுக்கும் நேரம். அவை இருந்தால் நீங்கள் மாற்றிய எண்ணின் பலன் தாமதமாகத் தெரிந்து குழப்பும். 128 வேகப் படிகளில் முதல் படியில் வைத்து, சக்கரம் மெல்ல உருளத் தொடங்கும் வரை சிவி2-ஐ ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். உச்ச வேகம் சிவி5. 1 மீட்டர் அளந்து குறித்து, எஞ்சின் அதைக் கடக்கும் விநாடிகளால் 313-ஐ வகுத்தால் நிஜ ரயிலின் வேகம் கி.மீ. கணக்கில் கிடைக்கும். 5.2 விநாடி எடுத்தால் மணிக்கு 60 கி.மீ. சரக்கு எஞ்சினுக்கு அதுவே போதும். நடு வேகமான சிவி6-ஐ சிவி2, சிவி5 இரண்டின் நடுமதிப்புக்குச் சற்றுக் கீழே வைத்தால் குறைந்த வேகத்தில் பிடி நன்றாக இருக்கும். கடைசியாக சிவி3, சிவி4-க்கு 10 அளவில் கொடுத்துப் பாருங்கள். எண்கள் குழம்பிவிட்டால் பல டிகோடர்களில் சிவி8-இல் 8 என எழுதினால் பழைய நிலைக்கு வரும், முகவரியும் 3-க்குத் திரும்பும்.

இத்தனைக்குப் பிறகும் தடம் பிரியும் பாயின்ட்டின் மேல் மட்டும் எஞ்சின் நின்றால், நடுவில் தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃபிராக்கில் மின்சாரம் இல்லை. அது உலோகமாக இருந்தால் பாயின்ட்டோடு சேர்ந்து மாறும் சுவிட்ச் வழியாக இணைப்புக் கொடுங்கள். பிளாஸ்டிக் என்றால் டிகோடரோடு கீப்-அலைவ் கெபாசிட்டர் (மின்சாரம் விட்டுப்போகும் கணத்தில் சேமித்ததைக் கொடுப்பது) சேர்ப்பதுதான் வழி. கெபாசிட்டர் இருக்கும்போது புரோகிராமிங் டிராக்கில் சில டிகோடர்கள் பதில் சொல்லாது, அதனால் எண்களை எல்லாம் எழுதி முடித்த பிறகே அதைப் பொருத்துங்கள்.