தொடரிலிருந்து பிறந்த நாவல்: வாங்கும்போதும் வாசிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை தமுக்கம் மைதானத்துப் புத்தகக் கண்காட்சியில், பழைய ஆங்கிலப் புத்தகங்கள் குவிந்திருந்த ஒரு கடையில், அட்டையில் ‘ஸ்டார் ட்ரெக் 3’ என்றிருந்த மெல்லிய நூலை ஐம்பது ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்டார் ட்ரெக் என்பது விண்கப்பல் பயணங்களைச் சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். நாவலின் மூன்றாம் பாகம் என்று எண்ணிக்கொண்டு வந்த எனக்கு, பொருளடக்கத்தைப் பார்த்த பிறகுதான், அதிலிருந்த ஏழும் நான் திரையில் பார்த்து முடித்த கதைகள் என்பது விளங்கியது.

ஒளிபரப்பான கதையை உரைநடையாக்கிய நூலும், அதே பாத்திரங்களைக் கொண்டு புதிதாகப் புனைந்த நாவலும் வெவ்வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. எழுத்தாளர் பெயரை மட்டும் வைத்தும் இதைத் தீர்மானிக்க முடியாது. 1967-இல் ஸ்டார் ட்ரெக் தொடரின் கதைகளைச் சிறுகதைகளாக்கத் தொடங்கிய ஜேம்ஸ் பிளிஷ்தான், 1970-இல் ‘ஸ்பாக் மஸ்ட் டை!’ என்ற முற்றிலும் புதிய நாவலையும் எழுதினார். ஆகவே பொருளடக்கத்தையும் பின்னட்டையையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

திரையில் பார்த்தபடி நூலில் இல்லை என்று குறைபட்டுக்கொள்வது இன்னொரு தவறு. பிளிஷ் கையில் வைத்துக்கொண்டு எழுதியவை திரைக்கதைப் பிரதிகள். அவற்றுள் சில, படப்பிடிப்புக்கு முந்தைய வடிவங்கள் என்பதால் காட்சிகளும் வசனங்களும் மாறியே இருக்கும். என்னைக் கேட்டால், அந்த வேறுபாட்டுக்காகவே இவற்றைப் படிக்கலாம். 1963-இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரின் நிலையோ இன்னும் வியப்பானது: பழைய ஒளிநாடாக்களை பிபிசி அழித்துவிட்டதால் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் பார்க்கக் கிடைக்காமல் போயின, பல இரசிகர்கள் அக்கதைகளை டார்கெட் பதிப்பகத்தின் நாவல்கள் வழியாகவே அறிந்தார்கள்.

பாக்கெட் புக்ஸ் வெளியிட்ட ஸ்டார் ட்ரெக் நாவல்களின் அட்டையில் உள்ள எண் வெளியீட்டு வரிசையே தவிர, கதை வரிசையன்று. முதல் எண் கிடைக்கவில்லையே என்று காத்திருக்கத் தேவையில்லை; பெரும்பாலானவை தனித்தனிக் கதைகள்.

நாவலில் வருவதையெல்லாம் தொடரின் வரலாறாகக் கொள்வதும் கூடாது. தொடரை உருவாக்குவோருக்கு அவை கட்டளையல்ல. அதற்காக இவை வெறும் வியாபாரச் சரக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஸ்டார் ட்ரெக்கில் விண்கப்பலைச் செலுத்தும் சுலு என்ற பாத்திரத்துக்கு ‘ஹிகாரு’ என்ற முதற்பெயரைச் சூட்டியவர், 1981-இல் வெளிவந்த ‘தி என்ட்ரோபி எஃபெக்ட்’ நாவலை எழுதிய வொண்டா மெக்கின்டயர். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1991-இல் வந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் அப்பெயர் ஒலித்தது.

பணம் கொடுக்கும் முன் கடைசித் தாள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் வெயிலில் பழைய புத்தகங்களின் முதுகுப் பசை காய்ந்து, தாள்கள் அப்பளம்போல் உதிர்ந்துவிடுகின்றன. என் பிரதியில் கடைசிக் கதையின் இறுதித் தாள் இல்லை. நல்லவேளை, அதை ஏற்கெனவே திரையில் பார்த்திருந்தேன்.