பவர் ஹாரோவில் ஆழம் வைப்பது ரோலர்தான்

ரோட்டவேட்டர் ஓட்டிப் பழகியவர்கள் பவர் ஹாரோவிலும் (டிராக்டரின் பின்னால் மாட்டி, செங்குத்தாக நின்று சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) லிஃப்ட் லீவரை ஏற்றி இறக்கியே ஆழம் பிடிக்கப் பார்ப்பார்கள். அது வேண்டாம். பின்னால் உருளும் ரோலர்தான் ஆழத்தைத் தாங்குகிறது. ரோலரின் உயரத்தை நிறுத்தும் இரு பக்க இரும்பு ஊசிகளையும் (பின்) ஒரே வரிசைத் துளையில் மாட்டி, லீவரை முழுக்க இறக்கிவிடுங்கள். வேலை ஆழத்தில் கருவி முன்பின் சாயாமல் நிற்கும்படி டாப் லிங்கைத் (டிராக்டரையும் கருவியையும் மேலே இணைக்கும் திருகுத் தண்டு) திருகுங்கள்.

மண் பொடியாக வேண்டுமானால் வண்டியை மெதுவாக ஓட்டினாலே போதும். ஆனால் மாவாக்கிவிடாதீர்கள்! ஒரு மழையில் மேல்மண் இறுகி, முளை வெளியே வரத் திணறும்.

ஈரம் சரியா? ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம், உருண்டையாகவே கிடந்தால் பொறுங்கள்.

கத்தியில் கயிறு சுற்றினால் பிடிஓவை (டிராக்டரிலிருந்து கருவியைச் சுழற்றும் தண்டு) நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியையும் எடுத்த பிறகே கை வையுங்கள்.