செப்டிக் டேங்க் "நிரம்பிடுச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

"எங்க வீட்ல 20 வருஷமா செப்டிக் டேங்க்க தொறந்ததே இல்ல தெரியுமா"ன்னு பெருமையா சொல்ற ஆள் எல்லா தெருவுலயும் ஒருத்தர் இருப்பாரு, எங்க தெருவுல அது நான்தான். அப்புறம் ஒரு ஐப்பசி மழையில கீழ் பாத்ரூம்ல தண்ணி எதுத்துக்கிட்டு வந்துச்சு. கழிவ உறிஞ்சுற லாரிய கூப்பிட்டோம், வந்தவரு முதல்ல கேட்டது "மூடி எங்கண்ணே?" நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம், ஏன்னா போர்டிகோவுக்கு டைல்ஸ் போட்டப்ப மூடிக்கு மேலயே போட்டு மூடியாச்சு, கடைசியில நாலு டைல்ஸ உடைச்சுதான் கண்டுபிடிச்சோம்.

அதனால முதல் வேலை, மூடி எங்க இருக்குன்னு இன்னிக்கே பாத்து வைங்க. டைல்ஸ் போட்டிருந்தா அந்த இடத்த மட்டும் தனியா எடுக்கிற மாதிரி கொத்தனாரை விட்டு மாத்திடுங்க. கார் ஏறி நிக்கிற இடத்துல ஸ்லாப் இருந்தா விரிசல் விட்டிருக்கான்னும் பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். டேங்க் "நிரம்பிடுச்சு"ன்னு சொல்றோமே, ஒழுங்கா கட்டின டேங்க் எப்பவுமே நிரம்பித்தான் இருக்கும். கட்டி கொஞ்ச நாள்லயே அவுட்லெட் பைப் மட்டம் வரைக்கும் தண்ணி வந்துடும், அப்புறம் உள்ள எவ்வளவு போகுதோ அவ்வளவு வெளிய சோக் பிட்டுக்கு, அதாவது தண்ணிய மண்ணுக்குள்ள இறக்குற குழிக்கு போகும். கனமானது அடியில கசடா படியும், எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் மேல ஆடையா மிதக்கும், நடுவுல இருக்கிற தண்ணி மட்டும் வெளிய போகணும், அதுக்குத்தான் அவுட்லெட்ல T எழுத்து மாதிரி இருக்கிற டி பைப் வைக்கிறது. கசட்ட கிருமிங்க கொஞ்சம் தின்னும், ஆனா முழுசா தின்னு தீர்க்காது, மிச்சம் ஏறிக்கிட்டே வரும். நாம பாக்க வேண்டியது தண்ணி மட்டத்த இல்ல, கசடு மட்டத்த. கசடு ரொம்ப ஏறிடுச்சுன்னா அது சோக் பிட்டுக்குள்ள போயி மண்ணோட துவாரத்த அடைச்சிடும், அப்புறம் டேங்க்க எத்தன தடவ காலி பண்ணாலும் பிரச்சன தீராது, சோக் பிட்டையே புதுசா தோண்டணும்.

அப்ப 20 வருஷம் எடுக்காமலே ஓடுற டேங்க்? பெரும்பாலும் அடியில தளமே போட்டிருக்க மாட்டாங்க, இல்லன்னா வெறும் உறைய இறக்கி மேல மூடியிருப்பாங்க. எல்லாம் மண்ணுக்குள்ள இறங்குது, 20 அடி தள்ளி உங்க போர் இருக்கு, மீதிய நீங்களே யோசிச்சுக்கோங்க. கிணறோ போரோ டேங்க், சோக் பிட்லேர்ந்து 50, 60 அடியாவது தள்ளி இருக்கணும்னு சொல்வாங்க, ஒரு கிரவுண்ட் மனையில அது எங்க முடியுது.

எப்ப எடுக்கணும்? பொதுவா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ. சரியா பாக்கணும்னா நீளமான கம்புல வெள்ளத்துணி சுத்தி அடி வரைக்கும் மெதுவா விட்டு கொஞ்சம் நேரம் வச்சு எடுத்தா கருப்பா எவ்வளவு உயரம் ஒட்டியிருக்குன்னு தெரியும், ஆழத்துல மூணுல ஒரு பங்கு வந்துட்டா லாரிய கூப்பிட வேண்டியதுதான். மூடிய தொறந்து கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்க, குனிஞ்சு எட்டிப் பாக்காதீங்க, பீடி சிகரெட் தீக்குச்சி எதுவும் பக்கத்துல வேணாம், உள்ள மீத்தேன்னு தீப்பிடிக்கிற வாயு இருக்கும். குழந்தைங்கள அந்தப் பக்கமே விடாதீங்க.

மாசம் எதுன்னு கேட்டா சித்திரை, வைகாசின்னு கோடையிலயே முடிச்சிடுங்க. ஐப்பசி கார்த்திகையில நெலமெல்லாம் ஊறிக் கெடக்கும், சோக் பிட் தண்ணிய இழுக்காது, அப்ப காசு குடுத்து எடுத்தாலும் ரெண்டே நாள்ல பழைய கதைதான். பிளாஸ்டிக் டேங்க்கா இருந்தா இன்னும் மோசம், காலியா இருக்கும்போது கீழ் தண்ணி தூக்கி விட்டுடும். எடுத்து முடிச்சதும் டேங்க்குல தண்ணி விட்டுடுங்க, அடியில கொஞ்சம் கசடு மிச்சம் இருந்தா பரவாயில்ல, பளபளன்னு கழுவித் தரச் சொல்லி சண்ட போடாதீங்க, கிருமிங்க அதுலதான் இருக்கு.

ஆள் மட்டும் உள்ள இறங்கவே கூடாது. "அடியில கட்டியா இருக்கு சார், நான் இறங்கி எடுத்துடறேன், ஐநூறு சேத்துக் குடுங்க"ன்னு அவரே சொன்னாலும் கூடாது, டேங்க் காலியானதுக்கு அப்புறமும் கூடாது. உள்ள ஹைட்ரஜன் சல்பைடுன்னு அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற விஷ வாயு இருக்கும், அது அதிகமா இருந்தா மூக்கே மரத்துப்போயிடும், நாத்தம் இல்லன்னு நம்பி இறங்குவாங்க, அவ்வளவுதான். விழுந்தவர தூக்க இறங்கினவங்களும் சேந்து போறத பேப்பர்ல பாக்குறோமே, அப்படி ஆச்சுன்னா தீயணைப்புக்கு, 101க்கு போன் பண்ணுங்க, நீங்க இறங்காதீங்க. கையால மலம் அள்ளுறத தடை பண்ற 2013 சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம ஆள இறக்குறது குற்றம், முதல் தடவைக்கே 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டுமே. கட்டியா இருந்தா தண்ணிய பீச்சிக் கரைச்சு உறிஞ்சச் சொல்லுங்க. லைசென்ஸ் இருக்கிற லாரியா, எங்க கொண்டு போய் கொட்டுறாங்கன்னும் கேளுங்க, ராத்திரியில ஏரிக்கரையில தொறந்து விட்டுட்டுப் போறவங்களும் இருக்காங்க. செப்டிக் டேங்க் கழிவு எடுக்குறதுக்கான உதவி எண் 14420க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

தினசரி பழக்கத்துல பெருசா ஒண்ணும் இல்ல. நாப்கின், டயப்பர், வெட் வைப்ஸ் உள்ள போகக்கூடாது, சாம்பார் மிச்சம், வடிச்ச எண்ணெய் போகக்கூடாது. ஆசிடோ பிளீச்சோ பாட்டில் பாட்டிலா ஊத்துனா கிருமி செத்துடும், அளவா போட்டா ஒண்ணும் ஆகாது. ஃப்ளஷ் டேங்க் ஒழுகுதான்னு பாருங்க, இத யாருமே கவனிக்கிறதில்ல, சன்னமா ராத்திரி பகலா ஓடுற தண்ணி டேங்க்குல எதையும் படிய விடாது. வாஷிங் மெஷின் தண்ணியையும் முடிஞ்சா வேற பக்கம் திருப்புங்க. வென்ட் பைப் தலையில கொசுவலத் துணி கிழிஞ்சிருந்தா மாத்திக் கட்டுங்க, சாயங்காலம் வீட்டுக்குள்ள வர்ற கொசுவுல பாதி அங்கேருந்துதான் வருதோ என்னவோ. கடையில விக்கிற பாக்டீரியா பவுடர் வாங்கலாமான்னு கேப்பீங்க, எதுக்கு, நாம அனுப்புறதுலயே கோடிக்கணக்குல இருக்கு, பவுடர் போட்டா கசடு எடுக்க வேணாம்னு சொன்னா நம்பாதீங்க.

எங்க வீட்ல இப்ப ஈபி மீட்டர் பெட்டி கதவுக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வச்சிருக்கோம், லாரி வந்த தேதி, மூடி சுவத்துலேருந்து எத்தன அடின்னு.