சிப்பாயை விடுங்கள், முதலில் குதிரையை எடுங்கள்

ரங்கூனில் எங்கள் தெரு டீக்கடையில் பெரியவர்கள் சித்துயின் ஆடுவதைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு செஸ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் ஒரு சிக்கல் வரும். அந்தப் பர்மியச் சதுரங்கத்தில் சிப்பாய்கள் தொடக்கத்திலேயே மூன்றாம் வரிசையில் பாதி, நான்காம் வரிசையில் பாதி என்று ஏறி நிற்கும். மற்ற காய்களை அவற்றுக்குப் பின்னால் அவரவர் திட்டப்படி வைத்துக்கொண்ட பிறகுதான் சண்டையே. (அங்கே யானை கோணலாக ஒரு கட்டம், நேரே முன்னால் ஒரு கட்டம், அவ்வளவுதான் போகும். நாம் யானை என்பது மூலையில் நிற்பதை. அதில் வேறு குழப்பம்!) செஸ்ஸில் அந்த அடுக்குகிற வேலையை ஆட்டத்துக்குள்ளேயே, நகர்வுக்கு ஒரு காயாக நாம்தான் செய்ய வேண்டும். பையன்களோ சிப்பாய்களை வரிசையாகத் தள்ளிவிட்டு, காய்கள் தானாக வந்து நிற்கும் என்பதுபோல உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, பலகையை எடுங்கள். வெள்ளையின் இடக்கையிலிருந்து ஏ முதல் எச் வரை நெடுவரிசைகள், வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை குறுக்குவரிசைகள்.

முதல் படி: ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இ4க்கு. இந்த ஒரு தள்ளலில் மந்திரிக்கும் ராணிக்கும் வழி திறக்கிறது, நடுவிலும் இடம் பிடித்தாயிற்று. கறுப்பும் இ5 ஆடட்டும்.

இரண்டாவது படி: வெள்ளைக் குதிரை எஃப்3க்கு. வெளியே வந்த கையோடு இ5 சிப்பாயைக் குறிவைக்கிறது.

இப்போது பலகையைத் திருப்பிக் கறுப்புப் பக்கம் உட்காருங்கள். சிப்பாயைக் காப்பாற்ற வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் யோசிக்காமல் இன்னொரு சிப்பாயை எஃப்6க்குத் தள்ளினான். "ஏன்டா?" என்றேன். "சிப்பாய்க்குச் சிப்பாய் காவல், மாமா."

ஆடிக் காட்டினேன். வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது. எஃப்6 சிப்பாய் குதிரையை வெட்டுகிறது. பையன் முகத்தில் சிரிப்பு. வெள்ளை ராணி எச்5க்கு வந்து செக். எஃப்7 காலியாக இருப்பதால் ராஜாவுக்கு நேராகக் கோணல் வழி. மறைக்க ஜி6 தள்ளினான். ராணி இ5 சிப்பாயை வெட்டி மறுபடி செக், அதே கட்டத்திலிருந்து மூலையில் எச்8 யானைக்கும் குறி. ராஜாவைக் காத்தால் யானை போச்சு. ஜி6க்குப் பதில் ராஜாவை இ7க்கு ஏற்றிப் பார்த்தோம், அது இன்னும் மோசம், நடுப்பலகையில் துரத்தல்தான்.

போர்த்துகீசியரான டமியானோ தன் சதுரங்கப் புத்தகத்தில் 1512இலேயே இந்த எஃப்6 மோசமான ஆட்டம் என்று எழுதிவைத்தார். பாவம், அந்தத் தற்காப்புக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

எஃப்6க்குப் பதில் குதிரையை சி6க்கு எடுத்திருந்தால்? சிப்பாய்க்குக் காவல் ஆச்சு, ஒரு காயும் வெளியே வந்தாச்சு, ராஜா பக்கத்தில் ஓட்டையும் இல்லை. எஃப்6 கட்டம் இன்னொரு குதிரை வந்து நிற்கக் காலியாகவும் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் பையன் சிப்பாயை வைத்து அடைத்தான்.

மூன்றாவது படி: வெள்ளை மந்திரி சி4க்கு, கறுப்பு மந்திரி சி5க்கு. நாலாவது: கோட்டை கட்டுங்கள், அதாவது ராஜாவை மூலை யானையின் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, யானையை ராஜாவைத் தாண்டி அடுத்த கட்டத்தில் வையுங்கள். இதைத் தள்ளிப்போடவே போடாதீர்கள், ராணியை எடுத்துக்கொண்டு ஊர்வலம் போகவும் வேண்டாம்.

அப்படியென்றால் சிப்பாயைத் தொடவே கூடாதா? தொடலாம். என் காய் ஏதாவதுக்கு வழி திறக்கிறதா, நடுவுக்காகப் போட்டி போடுகிறதா, கண்ணெதிரே இருக்கும் மிரட்டலை நிறுத்துகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்காவது ஆமாம் என்றால் தள்ளுங்கள். "சும்மா இருக்கட்டும்" என்று ஓரத்தில் தள்ளுவதுதான் வேண்டாம். குதிரையைத் தப்பாக வைத்தால் திருப்பி எடுக்கலாம், சிப்பாய்க்குப் பின்னால் வரும் வழியே கிடையாது.

வீட்டில் ஆடும்போது பத்தாவது நகர்வில் நிறுத்தி, உங்கள் இரண்டு குதிரையும் இரண்டு மந்திரியும் எங்கே என்று பாருங்கள். அந்தப் பையன் நேற்று எண்ணிவிட்டு வந்து, "மாமா, ஒரே ஒரு மந்திரிதான் இன்னும் தூங்குது" என்றான்.