சாரல் இறங்குவதற்கு முன்னால் கார் பீடிங்கைச் சரியாக ஒட்டுவது எப்படி

செங்கோட்டை, புளியரைப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஜூன் பிறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால் ஆகஸ்ட் வரைக்கும் வெயிலும் சாரலும் மாறி மாறித்தான் இருக்கும், வண்டி ஒரே நாளில் பல தடவை நனையும், காயும், மறுபடியும் நனையும். கதவின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைதான் பீடிங், அதன் ஒரு முனை லேசாகத் தூக்கியிருந்தால் போதும், அந்த இடுக்கில் தண்ணீரும் மண்ணும் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே தகடு காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். கொஞ்ச நாளில் அங்கே பெயிண்ட் கொப்புளம் விடும், அப்புறம் துரு. அதனால் இந்த வேலையை மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

என்னுடையது 2004 மாடல் மாருதி ஜென் கார். ஓட்டுநர் பக்கக் கதவின் பீடிங் முன் முனையில் கழன்றபோது ஒரு பட்டறையில் விட்டேன். பீடிங்கைக் கழற்றாமலே, தூக்கிய முனைக்குள் உடனடிப் பசையை நாலு சொட்டு விட்டு, கட்டை விரலால் அழுத்திக் கொடுத்துவிட்டார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கும் புனலூருக்கு நாலைந்து தடவை போய் வந்ததும் விட்டுவிட்டது, விடும்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. இருபது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெயிண்ட், மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது. அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன்.

அந்தப் பசை ஏன் நிற்கவில்லை என்றால், காய்ந்ததும் அது கண்ணாடி மாதிரி இறுகிவிடும், இழுபடாது. பிளாஸ்டிக் பீடிங்கோ சூட்டில் நீளும். ஒரு மீட்டர் நீளப் பீடிங் 30 டிகிரி சூடு ஏறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளப் பார்க்கும், அதே சூட்டில் கதவுத் தகடு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. மதியம் வெயிலில் நீண்டு, சாயங்காலம் மழையில் சுருங்கி, நடுவில் கதவை அறைந்து சாத்தும் அதிர்ச்சியும் சேர்ந்தால் இறுகிய பசை உடையத்தான் செய்யும். பாத்ரூம் ஓட்டைக்குப் போடும் சிலிக்கானும் வேண்டாம். புளித்த காடி வாசம் அடிக்கிற சிலிக்கான் காயும்போது அமிலத்தை விடும், அது தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். மேலும், சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் டேப்பும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. இந்த வேலைக்கு உரியது கார் பீடிங்குக்கென்றே வரும், நுரை மாதிரி இருக்கும் அக்ரிலிக் டபுள் சைடு டேப்தான். 3எம் மாதிரி நல்ல கம்பெனியுடையதாக வாங்குங்கள். போட்டோ ஒட்டுகிற வெள்ளை ஸ்பாஞ்ச் டேப் தண்ணீர் பட்டால் ஊறிவிடும்.

முதலில், உங்கள் பீடிங் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். தூக்கிய முனையை மெதுவாக விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்: சிலவற்றில் டேப் மட்டும், சிலவற்றில் கதவு ஓட்டைக்குள் போகும் பிளாஸ்டிக் கிளிப், சிலவற்றில் நடுவில் டேப்பும் முனையில் கிளிப்பும். கிளிப் உடைந்திருந்தால் பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்கள், கடை அண்ணாச்சியிடம் வண்டி பெயரை மட்டும் சொன்னால் போதாது, தலையும் காலும் அளவு ஒத்துப் போகிறதா என்று வைத்துப் பார்த்து, தேவைக்கு மேல் இரண்டு சேர்த்து வாங்குங்கள். ஒன்றாவது மாட்டும்போது உடையும்.

இனி முக்கியமான விஷயம். பாதி கழன்றிருந்தாலும் முழுதாகக் கழற்றுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தூக்கிய இடத்துக்குள் மட்டும் டேப்பைச் செருகினால் அழுக்கின் மேல்தான் ஒட்டுகிறீர்கள், அது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

கழற்றும் முன் வண்டியைக் கழுவிக் காயவிட்டு, பீடிங்கின் மேல் விளிம்பை ஒட்டினாற்போல மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டுங்கள். முன் முனையும் பின் முனையும் எங்கே முடிகின்றன என்று அதிலேயே பேனாவால் கோடு போடுங்கள். இதைச் செய்யாமல் கழற்றிவிட்டு, கண் மதிப்பில் ஒட்டினால் கோணலாகத்தான் வரும், வலுவான டேப் ஒரு தடவை பிடித்தால் நகர்த்த விடாது. முன் கதவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பீடிங் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளிப் போய்விட்டால், கதவைத் திறக்கும்போது அது மட்கார்டு விளிம்பில் இடிக்கும்.

அப்புறம் ஹேர் டிரையரால் ஒரு அடி ஒரு அடியாகச் சூடு காட்டுங்கள். கை வைத்தால் பொறுக்கிற அளவு சூடு போதும், அதற்கு மேல் போனால் பழைய பெயிண்டுக்கு ஆகாது. பீடிங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் தூண்டில் நரம்பை, நம் பக்கத்தில் தங்கூசி என்போமே அதை, விட்டு இரண்டு கையாலும் பிடித்து ரம்பம் மாதிரி இழுத்துக்கொண்டே போனால் நுரை அறுந்து வரும். கிளிப் இருக்கும் இடத்தில் நரம்பு நிற்கும், அங்கே துணி சுற்றிய பிளாஸ்டிக் பட்டையால் நெம்புங்கள், ஸ்க்ரூ டிரைவரை அப்படியே வைக்காதீர்கள். இருபது வருஷப் பிளாஸ்டிக் சூடு இல்லாமல் வளைத்தால் முறிந்துவிடும், அவசரப்படாதீர்கள்.

தகட்டில் மிச்சம் இருக்கும் பழைய பசையைக் கட்டை விரலால் உருட்டி எடுப்பதுதான் பாதுகாப்பானது. விடாப்பிடியாக இருந்தால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துப் பத்து நிமிஷம் மேலே வைத்துவிட்டுத் துடையுங்கள். பெயிண்ட் கடைத் தின்னர் வேண்டாம். மறுபடியும் பெயிண்ட் அடித்த வண்டியாக இருந்தால் தின்னர் பெயிண்டையே கரைத்துவிடும். பீடிங்கின் பின்பக்கத்தில் இருக்கும் பழைய நுரையையும் மிச்சம் வைக்காமல் எடுங்கள்.

கழற்றிய இடத்தில் துரு தெரிந்தால் அன்றைக்கு ஒட்டும் யோசனையையே விட்டுவிடுங்கள். உப்புத் தாளால் துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர், டச்சப் பெயிண்ட் போட்டு, குறைந்தது ஒரு வாரம் காயவிடுங்கள். டேப் பிடித்துக்கொள்வது பெயிண்டைத்தான், அந்தப் பெயிண்ட் தகட்டில் பிடிக்கவில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த டேப்பும் உதவாது. கிளிப் ஓட்டையின் ஓரத்திலும் பிரைமரைத் தொட்டு வையுங்கள். குனிந்து கதவின் அடி விளிம்பில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளையும் பாருங்கள், மண் அடைத்திருந்தால் குச்சியால் எடுத்துவிடுங்கள். கதவுக்குள் நிற்கும் தண்ணீர் உள்ளிருந்தே அரிக்கும்.

சுத்தம் செய்வதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல். முதலில் பாத்திரம் கழுவும் திரவம் போட்ட தண்ணீரால் தகட்டையும் பீடிங்கின் பின்பக்கத்தையும் கழுவி, மண்ணெண்ணெய்ப் பிசுக்கும் பழைய பாலிஷும் போகும்படி துடையுங்கள். காய்ந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பஞ்சு உதிராத துணியால் ஒரே திசையில் துடைத்து, உடனே இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். இது மருந்துக் கடையிலும் கிடைக்கும், மொபைல் ரிப்பேர் கடைக்காரர்களிடமும் இருக்கும். ஆல்கஹால் ஆவியாகும்போது தகடு குளிரும், சாரல் நாளில் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் அந்தக் குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும், அதன் மேல் டேப் பிடிக்காது. ஆகவே மழை விட்ட அரை மணி நேரத்தில் ஒட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு நாள் தொடர்ந்து காய்ந்த வானம், காலை ஒன்பது பத்து மணி, நிழல், இதுதான் நேரம். 21 முதல் 38 டிகிரி வரை இந்த டேப் நன்றாகப் பிடிக்கும். மே மாத மதிய வெயிலில் தகடு அதையும் தாண்டிக் கொதிக்கும்.

பீடிங்கின் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் வகை அச்சாகியிருக்கும். பிபி (PP) என்றோ டிபிஓ (TPO) என்றோ ஆங்கில எழுத்தில் இருந்தால் டேப் அதில் லேசில் பிடிக்காது, பெயிண்ட் பிரைமர் இல்லை, டேப் பிடிப்பதற்கென்று இருக்கும் பிரைமரை மெல்லியதாகத் தடவிக் காய்ந்த பிறகே டேப் போட வேண்டும். ஏபிஎஸ் (ABS) என்றால் கவலை இல்லை.

பீடிங் வளைந்து போயிருந்தால் முதல் நாளே வெயிலில் சமமான பலகை மேல் படுக்க வைத்து, மேலே பாரம் வைத்து நேராக்குங்கள். வளைவு அப்படியே இருந்தால் அது டேப்பை ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும், கடைசியில் அதே முனைதான் மறுபடியும் தூக்கும்.

டேப்பைப் பீடிங்கின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, முனையிலிருந்து முனை வரைக்கும் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீளமாக ஒட்டுங்கள், அகலமான பீடிங்காக இருந்தால் இரண்டு வரிசை. மேல் தாளை முழுதாக உரிக்க வேண்டாம். இரண்டு முனையிலும் இரண்டு அங்குலம் மட்டும் உரித்து, அந்தத் தாளை வெளியே நீட்டியபடி மடித்து வையுங்கள். பீடிங்கை மாஸ்கிங் டேப் கோட்டோடு சேர்த்து, கிளிப் இருந்தால் அதை ஓட்டைக்கு நேராகப் பிடித்து, முனைகளை லேசாகத் தொடவிட்டுப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் நீட்டியிருக்கும் தாளை மெதுவாக இழுத்துக்கொண்டே, பின்னாலேயே அழுத்திக்கொண்டு போங்கள். அப்புறம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் உடம்புப் பாரத்தைக் கொடுத்து நன்றாக அழுத்துங்கள். இந்த டேப் அழுத்தத்தில்தான் பிடிக்கும். மேலே குறுக்காக ஒரு சாண் இடைவெளியில் மாஸ்கிங் டேப் போட்டு ஒரு நாள் விட்டுவையுங்கள்.

ஒட்டிய 20 நிமிஷத்தில் பாதிப் பிடி வரும், 24 மணி நேரத்தில் தொண்ணூறு சதவீதம், முழுப் பிடிக்கு 72 மணி நேரம். அந்த மூன்று நாளும் வண்டி நனையக் கூடாது, கழுவக் கூடாது, முடிந்தால் கதவையும் மெதுவாகச் சாத்துங்கள். வாட்டர் வாஷுக்கு ஒரு வாரம் கழித்துப் போனாலும், பீடிங் விளிம்புக்கு நேராகத் தண்ணீர் பீய்ச்சும் கன்னைப் பிடிக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள், கீழிருந்து மேலாக அடிக்கும் தண்ணீர்தான் முனையைக் கிளப்பும். நான்காம் நாள் இரண்டு முனையிலும் நகத்தை வைத்து லேசாக நெம்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவு ஏறி, கேரளப் பக்கம் தென்மலை வரைக்கும் மழையிலேயே போய் வரலாம்.