முதல் சிறு பயண ட்ரெயிலர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடான பயண ட்ரெயிலரை முதன்முதலாக வாங்க நினைப்பவர்கள் பலர் நேரே விற்பனை வளாகத்துக்குச் சென்று, மெத்தையில் உட்கார்ந்து பார்த்து, அலமாரிகளைத் திறந்து மூடி, மனத்தைப் பறிகொடுத்த பிறகுதான் தங்கள் கார் அதை இழுக்குமா என்று விசாரிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. முதலில் ஆராய வேண்டியது வீட்டு வாசலில் நிற்கும் காரைத்தான்.

அண்மை ஆண்டுகளின் டொயோட்டா சியன்னா 3,500 பவுண்டு வரை இழுக்கும். ஹைலாண்டரின் பெட்ரோல் வகை 5,000 பவுண்டு, அதே வண்டியின் ஹைப்ரிட் வகை 3,500 பவுண்டு. விளம்பரத்தில் வரும் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஒரு மஞ்சள், வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்பதை அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கென்றே அது சொல்கிறது. ட்ரெயிலரை மாட்டக் காரின் பின்புறம் பொருத்தும் இணைப்பான ஹிட்ச்சின் மேல் ட்ரெயிலரின் முன்பகுதி அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்பதைச் சொல்லித்தரும் விற்பனையாளர்கள் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ட்ரெயிலரின் விற்பனைத் தாளில் 2,400 பவுண்டு என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெறும் வண்டியின் எடை. அதன் தொட்டியில் 20 கேலன் தண்ணீர் நிரப்பினால், கேலனுக்கு 8.3 பவுண்டு வீதம் ஏறத்தாழ 166 பவுண்டு கூடும். நிரம்பிய புரோப்பேன் சிலிண்டர், பேட்டரி, பாத்திரங்கள், போர்வைகள், மடக்கு நாற்காலிகள், உணவுப் பொருள்கள் என்று அடுக்கினால் 3,000 பவுண்டை எளிதில் தொட்டுவிடும். ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் அழுத்த வேண்டும் என்பது பொது விதி. குறைந்தால் பின்பக்கம் கனத்து, நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் பாம்புபோல் ஆடத் தொடங்கும். ஆகவே 3,000 பவுண்டு ட்ரெயிலரிலிருந்து 300 முதல் 450 பவுண்டு வரை காரின் மேல் இறங்குகிறது. கதவுத்தாள் 1,200 பவுண்டு என்று சொல்லி, குடும்பத்தார் நால்வரின் எடை 600 பவுண்டும் பெட்டிகள் 150 பவுண்டும் இருந்தால் மீதம் 450தான். 3,500 பவுண்டு இழுக்கும் காரானால் இழுவைத்திறனில் 500 பவுண்டு மிச்சமிருப்பதுபோல் தோன்றினாலும் காரின் சுமை எல்லை ஏற்கெனவே முட்டிவிட்டது. வெட் கிரைண்டரை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது. வாங்கிய பின், லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்களிலுள்ள எடைமேடையில், சாமான்கள் ஏற்றிய நிலையில் ஒருமுறை எடைபோட்டுப் பார்ப்பதும் அவசியம்.

சிறு ட்ரெயிலர்களில், படுக்கையை மட்டும் உள்ளே வைத்துச் சமையலறையைப் பின்கதவுக்கு அடியில் அமைத்த டியர்டிராப், கூரையை உயர்த்தி விரிக்கும் பாப்-அப், முழு உயரச் சுவருள்ள வழக்கமான வகை என்று பல உண்டு. இவற்றுள் என் பரிந்துரை பைபர்கிளாஸ் ஓடு கொண்ட வகைதான். 1968இல் கனடாவின் வின்னிபெக்கில் போலர் என்ற பெயரில் பிறந்த இவ்வடிவத்தை இன்று மினசோட்டாவில் ஸ்காம்ப் நிறுவனமும் டெக்சஸில் கசீட்டா நிறுவனமும் தயாரிக்கின்றன. இரு பாதி ஓடுகளை இணைத்துச் செய்வதால் தண்ணீர் நுழையும் மூட்டுகள் குறைவு; பழையதானாலும் விலை அவ்வளவாக இறங்குவதில்லை என்பதால் மலிவாகக் கிடைப்பதும் அரிது.

மற்ற ட்ரெயிலர்கள் பலவற்றில் மரச்சட்டமும் மெல்லிய ப்ளைவுட்டும் உள்ளே மறைந்திருக்கின்றன. அவற்றின் முதல் எதிரி மழைநீர். பழைய வண்டி பார்க்கச் செல்லும்போது ஏணி ஒன்றைக் கொண்டு சென்று, கூரையில் காற்றுத்துளை, ஏசி, ஜன்னல் ஆகியவற்றைச் சுற்றி நீர் கசியாமல் பூசிய சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே மேல் மூலைகளையும் ஜன்னலின் கீழ்ப்பகுதியையும் விரலால் அழுத்துங்கள். தரையில் மெல்ல நடந்து எங்காவது அமுங்குகிறதா என்று கவனியுங்கள். வெளிச்சுவரில் கொப்புளம்போல் புடைப்பு தெரிந்தால் ஒட்டுப்பலகை பிரிந்துவிட்டது என்று பொருள். கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். ஈரம் அளக்கும் சிறு கருவி கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. மழை பெய்த மறுநாள் பார்க்கச் செல்வது இன்னும் நல்லது.

டயரின் மேற்புற வரிப்பள்ளங்கள் தேயாமல் இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். ட்ரெயிலர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுபவை. பக்கவாட்டுக் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு ஆண்டுகள் கடந்திருந்தால் புதிய டயர்களின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம். பிரேக் பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பலவற்றில் 3,000 பவுண்டுக்கு மேல் கட்டாயம், கலிபோர்னியாவில் 1,500 பவுண்டிலேயே கட்டாயம். மின்சார பிரேக் இருந்தால் காருக்குள் அதற்கான கன்ட்ரோலரும் 7 முனை மின் இணைப்பும் பொருத்த வேண்டிய செலவைக் கணக்கில் வையுங்கள்.

நம் சமையலுக்குத் தனிக் கவனம் தேவை. தாளிப்பின் எண்ணெய்ப் புகை அந்தச் சிறு அறையின் மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஏறிவிட்டால் எளிதில் போகாது. ஆகவே வெளியே வைத்துச் சமைக்கும் கேஸ் அடுப்புக்கான இணைப்பு உள்ளதா என்று பாருங்கள். கழிப்பறையும் குளியலும் ஒரே சிற்றறையில் இருப்பது உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்பதை, அதே வகை ட்ரெயிலரை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்தே முடிவு செய்யலாம்.

புதிய வண்டியானால் அறிவித்த விலையோடு சரக்குக் கட்டணம், ஒப்படைக்குமுன் வண்டியைத் தயார்செய்யும் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று வந்து சேரும். எல்லாவற்றையும் உள்ளடக்கிய இறுதித் தொகையை எழுத்தில் கேளுங்கள். பருவம் முடியும் இலையுதிர் காலத்தில் பேரத்துக்கு இடம் அதிகம். தனியாரிடம் வாங்கினால் உரிமைப் பத்திரத்திலுள்ள வண்டி அடையாள எண்ணும் ட்ரெயிலரின் அடிச்சட்டகத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். எங்கு வாங்கினாலும், தண்ணீர், எரிவாயு, மின்சாரம் மூன்றையும் இணைத்து, குளிர்பெட்டி, ஹீட்டர், பம்பு, விளக்குகள் எல்லாம் உங்கள் கண்முன் ஓடிய பிறகே கையெழுத்திடுங்கள். குளிர்பெட்டி குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால் முந்தைய நாளே இயக்கி வைக்கச் சொல்லலாம்.