உப்பைக் குறைத்தால் அந்த வேலையை யார் செய்வது? ஊறுகாய், வற்றலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்காய் விலை இறங்கும் பங்குனி, சித்திரையில் ஊறுகாய் போடாத வீடு குறைவு. ஆடி பிறப்பதற்குள் அதில் பாதி குப்பைக்குப் போகும் வீடுகளும் உண்டு. ஏன் என்று கேட்டால் "என் கைக்கு ராசி இல்லை" என்பார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உப்பு, புளிப்பு, எண்ணெய், வெயில் ஆகிய நான்கும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டுதான் உணவைக் கெடாமல் காக்கின்றன. உடம்புக்காகவோ காசுக்காகவோ ஒன்றைக் குறைத்தால், அதன் பங்கை இன்னொன்றிடம் ஒப்படைத்தாக வேண்டும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

முதலில் உப்பு. "வீட்டில் பிரஷர் இருக்கிறது, அதனால் உப்பைப் பாதியாக்கிவிட்டேன்" என்று சொல்லி, ஜாடியை வழக்கம்போல் அலமாரியில் வைப்பவர்கள் நிறைய. உப்பு ருசிக்கு மட்டும் சேர்ப்பதல்ல. காயிலுள்ள நீரை இழுத்து, கிருமிகளுக்கு அது கிடைக்காமல் செய்வது உப்புதான். கிலோ மாங்காய்த் துண்டுக்கு 150 முதல் 200 கிராம் கல் உப்பு என்பது பல வீடுகளில் உள்ள கணக்கு. உப்புநீரில் போட்டு விற்கும் ஊறுகாயில் குறைந்தது 12 சதவீதம் உப்பு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதைப் பாதியாக்கினால் கையில் இருப்பது ஊறுகாய் அல்ல, காரம் போட்ட பச்சைக்காய். ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டியதுதான்.

உடம்பை நினைத்தால் இன்னொரு வழி இருக்கிறது. ஊறுகாயில் உப்பைக் குறைக்க வேண்டாம், தட்டில் ஊறுகாயைக் குறைக்கலாம். ஒரு டீஸ்பூன் ஊறுகாயில் கிட்டத்தட்ட முக்கால் கிராம் உப்பு இருக்கும். ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் கீழ் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தயிர்சாதத்துக்கு ஒரு துண்டு தொட்டுக்கொள்வது வேறு, ஊறுகாயையே குழம்பு மாதிரி பிசைந்து சாப்பிடுவது வேறு.

உப்பைக் கப்பில் அளப்பதும் ஒரு வம்பு. கல் உப்பில் இடைவெளி அதிகம், அதனால் ஒரு கப் கல் உப்பு ஒரு கப் தூள் உப்பைவிட எடை குறைவு. பாட்டி சொன்ன கல் உப்பு அளவுக்குத் தூளைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. தூள் அளவுக்குக் கல்லைப் போட்டால் பூஞ்சை வரும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்து புளிப்பு. எலுமிச்சையும் மாங்காயும் இயல்பிலேயே புளிப்பானவை, கொஞ்சம் கவனம் தப்பினாலும் தாங்கும். தக்காளி அப்படியல்ல. நன்கு பழுத்த சில வகைத் தக்காளியில் புளிப்பு போதாது. தொக்கில் புளி சேர்ப்பது வெறும் பழக்கம் என்று நினைத்து அதை விட்டுவிடக் கூடாது. மலிவாகக் கிடைக்கும் நாளில் இரண்டு கிலோ வாங்கி வதக்குபவர்கள், எண்ணெய் பிரிந்து வரும்வரை பொறுமையாகச் சுருள வதக்கினால்தான் நீர் வற்றும். கேரட், பீட்ரூட், காலிஃபிளவர் ஊறுகாய்க்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ கட்டாயம் வேண்டும். அப்போதும் அவற்றின் இடம் ஃபிரிட்ஜ்தான்.

உண்மையில் உயிருக்கு ஆபத்தானது பூண்டு. நேரம் மிச்சமாகட்டும் என்று பச்சைப் பூண்டை நசுக்கிப் பாட்டிலில் போட்டு, மேலே எண்ணெய் ஊற்றி அடுப்பு மேடையில் வைப்பது இப்போது சகஜமாகிவிட்டது. பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, வெதுவெதுப்பான இடம்தான் அந்தக் கிருமிக்குப் பிடித்தது. எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு மூன்றையும் ஒரே பாட்டிலில் தந்துவிடுகிறது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளை முடக்கும். நிறமோ மணமோ மாறாது என்பதால், கெட்டுவிட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது மிக ஆபத்தான சோதனை. 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள்.

அப்படியென்றால் நம் பூண்டு ஊறுகாய்? அதில் புளியோ எலுமிச்சையோ உப்போ தாராளமாக இருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. உப்பும் புளிப்பும் இல்லாத பூண்டு எண்ணெய் என்றால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். மொத்தமாக அரைக்கும் இஞ்சி பூண்டு விழுதைச் சிறு சிறு பங்காக்கி ஃப்ரீசரில் உறைய வைப்பது நல்லது. காய்களையோ சட்னியையோ பாட்டிலில் அடைத்து வெந்நீரில் கொதிக்கவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும் என்று காட்டும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம். அந்த வித்துகள் 100 டிகிரி கொதிநிலையிலும் சாவதில்லை.

எண்ணெய் எதையும் கொல்லாது, காற்றை மட்டும் தடுக்கும். மாங்காய் ஊறுகாயில் துண்டுகள் எண்ணெய்க்கு மேலே தலைநீட்டினால் அங்கேதான் பூஞ்சை முளைக்கும். நல்லெண்ணெய் விற்கும் விலைக்கு இன்னும் ஊற்ற மனம் வராது, உண்மைதான். அகலமான ஜாடியை விட்டுவிட்டு, ஒடுக்கமான உயரப் பாட்டிலில் அழுத்தி நிரப்பினால் அதே எண்ணெய் மேலே ஏறி நிற்கும். எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள்.

பூஞ்சை வந்துவிட்டதா? மேலாக வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது பலர் செய்வது. கண்ணுக்குத் தெரிவது மேல்பாகம்தான், இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். பூஞ்சை வளர வளர புளிப்பைத் தின்று குறைத்துவிடுவதால் மற்றக் கிருமிகளுக்கும் வழி திறக்கும். அந்த ஜாடி போனது போனதுதான். ஈரக் கரண்டியும், தட்டில் மிஞ்சியதைத் திரும்ப ஜாடியில் போடும் சிக்கனமும் இதற்கு முக்கியக் காரணங்கள். வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டால் பெரிய ஜாடியை அடிக்கடி திறக்க வேண்டியதில்லை. அலுமினியம், பித்தளை வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். பீங்கானோ கண்ணாடியோ போதும்.

வற்றலில் தவறு பெரும்பாலும் அவசரத்தில் வருவது. கத்தரிக்காயைத் தடியாக நறுக்கினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுக்க வேண்டும், ஆனால் குவியலாக மூடி வைத்தால் இரவில் வியர்த்துவிடும். பரப்பி வையுங்கள். கொத்தவரங்காயோ சுண்டைக்காயோ, ஒடித்தால் படக்கென்று ஒடியவோ உடையவோ வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில் பாக்கி இருக்கிறது.

வெயில் சூட்டோடு டப்பாவில் அடைப்பதும் கூடாது. ஆறியதும் முதலில் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வாரம் வைத்து, தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்துகள் தெரிந்தால் மறுபடியும் மாடிக்குக் கொண்டுபோய்க் காயவைக்கலாம். எவர்சில்வர் டப்பாவில் இது கண்ணுக்குத் தெரியாது. வேர்க்கடலை, மிளகாய், கொப்பரை மூன்றிலும் பூஞ்சை பிடித்தால் வறுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அவற்றில் உண்டாகும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு, சமையல் சூட்டுக்கு அது அழியாது.